பழைய பேட்டர்ன் உறையில் இருக்கும் ‘சைஸ் 14’ யாருடைய அளவு?

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் வாங்கிய பழைய தையல் பேட்டர்ன் ஒன்றைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பேட்டர்ன் என்றால், துணியின்மேல் வைத்து வெட்டுவதற்காக உடையின் ஒவ்வொரு பாகத்தையும் காகிதத்தில் வெட்டி உறையில் போட்டு விற்பது. 1940களைச் சேர்ந்தது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். உறையில் சைஸ் 14 என்று அச்சாகியிருக்கிறது. அங்குள்ள கடைகளில் நீங்களும் 14 தான் வாங்குகிறீர்கள். அதை நம்பி நல்ல துணியில் வெட்டித் தைத்த பிறகு, மார்புக்கு நேரே பொத்தானுக்கும் காஜாவுக்கும் இடையில் நாலைந்து அங்குலம் இடைவெளி நிற்கிறது. அந்தக் காலத்துப் பெண்கள் அவ்வளவு ஒல்லியா, இந்தப் பேட்டர்ன் உண்மையில் எந்த ஆண்டுடையது, உறைப் படத்தில் இருப்பது போலத்தான் சாதாரண வீட்டுப் பெண்கள் உடுத்தினார்களா என்று கேள்வி மூன்றாக இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: அந்தக் கால அன்றாட உடைக்கு இந்தக் காகிதத்தை எவ்வளவு தூரம் சாட்சியாக நம்பலாம்? நான் சென்னையில் தையல் டிப்ளமோ படித்தவள். 22 ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் நாடகக் குழுக்களுக்குப் பழங்கால உடைகள் தைத்துத் தருகிறேன். வேலையில் பெரும்பகுதி இத்தகைய பழைய பேட்டர்ன்களோடு மல்லுக்கட்டுவதுதான். அமெரிக்கப் பேட்டர்ன்களைப் பற்றி உறுதியாகப் பேசுவேன், பிரிட்டனைப் பற்றி ஓரளவு. பிரெஞ்சு, ஜெர்மன் பேட்டர்ன்கள் என் கையில் அதிகம் புழங்கியதில்லை என்பதால் அவற்றை இங்கே இழுக்கவில்லை.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உறையின் பின்பக்கத்தை இன்னொரு முறை பாருங்கள். அளவுப் பட்டியலில் 14 என்பதற்கு நேரே மார்பு 32, இடுப்பு 26½, சீட் (பின்புறச் சுற்று) 35 அங்குலம் என்றோ அதை ஒட்டியோ இருக்கும். அந்தக் காலத்துப் பேட்டர்ன்களில் நம்ப வேண்டியது அங்குலக் கணக்கை மட்டுமே. சைஸ் எண் வெறும் பெயர். அந்தப் பெயர் வந்த வழியும் சுவையானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளரும் பெண்களுக்கான பேட்டர்ன்களில் 14, 16, 18 என்பவை வயதைக் குறித்தன. உறையிலேயே 14 வயது என்று போட்டிருப்பார்கள். முழுதாக வளர்ந்த பெண்களுக்கு 34, 36, 38 என்று மார்புச் சுற்றே எண்ணாக இருந்தது. நாளடைவில் வயது என்ற சொல் உதிர்ந்து எண் மட்டும் தங்கிவிட்டது. 1930களிலிருந்து 1950களின் நடுப்பகுதி வரை பேட்டர்ன்களில் 14 என்றால் மார்பு 32 அங்குலம். பிறகு ஒருமுறை எண்களை நகர்த்தியபோது அதே 14 என்பது 34 ஆயிற்று. 1967–68இல் மறுபடியும் நகர்த்தியபோது 36 ஆயிற்று. கடைகளில் தொங்கும் ஆயத்த ஆடைகள் போனது தனிப் பாதை. அமெரிக்க அரசு 1958இல் ஓர் அளவுத் தரத்தை வெளியிட்டது, ஆனால் அது விரும்பிய நிறுவனங்கள் மட்டும் பின்பற்றுவதற்கானது. அந்த ஏற்பாடும் 1983இல் திரும்பப் பெறப்பட்டது. வாங்குபவரின் மனம் குளிரட்டும் என்று பெரிய உடையில் சின்ன எண்ணைத் தைத்துவிடும் வழக்கம் அதன்பின் தடையின்றி வளர்ந்தது. உங்கள் மார்புச் சுற்று 40 என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைய கணக்கில் நீங்கள் 14 இல்லை. மார்பளவையே எண்ணாகக் கொண்ட பெரியவர்களுக்கான வரிசையில் 40. எட்டு அங்குல வேறுபாட்டில் பாதியை, உடையில் இயல்பாகவே விட்டிருந்த லூஸ் ஈடுகட்டியிருக்கிறது. மீதிதான் உங்கள் பொத்தான் பட்டியில் இடைவெளியாக நிற்கிறது.

சரி, எண்ணின் குழப்பத்தை விலக்கிவிட்டுக் கேட்டாலும், அன்றைய பெண்கள் ஒல்லியா? இங்கே எச்சரிக்கையோடு பேச வேண்டியிருக்கிறது. 1960–62இல் அமெரிக்க அரசு நடத்திய உடல்நலக் கணக்கெடுப்பில் வயதுவந்த பெண்ணின் சராசரி எடை 140 பவுண்டு, உயரம் ஐந்தடி மூன்றங்குலம். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் சராசரி எடை 164 பவுண்டாகவும் உயரம் ஓர் அங்குலம் மட்டுமே கூடியதாகவும் இருந்தது. எனவே சராசரி உடல் பருத்தது உண்மை. ஆனால் எல்லாரும் 26½ அங்குல இடுப்போடு திரிந்தார்கள் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. அதே உறைகள் 20 வரையும், 40, 42, 44 என்றும் விற்றன. குள்ளமாகவும் சற்றுப் பருமனாகவும் இருப்பவர்களுக்கென்று 16½, 18½ போன்ற ‘அரை’ சைஸ்களும் தனியாக இருந்தன. வாங்க ஆள் இல்லாமல் ஒரு நிறுவனம் அவற்றைத் தொடர்ந்து அச்சிட்டிருக்காது. 1939–40இல் அமெரிக்க வேளாண் துறைக்காக ரூத் ஓப்ரையன், வில்லியம் ஷெல்டன் இருவரும் ஏறக்குறைய 15,000 பெண்களை, ஆளுக்கு 59 அளவுகள் வீதம் அளந்து 1941இல் வெளியிட்டார்கள். அளவுப் பட்டியல்களைச் சீர்செய்யத்தான் அந்த ஆய்வே நடந்தது. உடல்கள் பலவிதம், மார்பளவு ஒன்றை வைத்து மற்ற அளவுகளைச் சொல்லிவிட முடியாது என்பதை அது எண்ணிக்கையில் காட்டியது. அதற்கும் ஒரு பெரிய குறை உண்டு: கணக்கில் எடுத்துக்கொண்டது வெள்ளையினப் பெண்களை மட்டுமே. கறுப்பினப் பெண்களும் அதே பேட்டர்ன்களை வாங்கித் தைத்தார்கள், அவர்களிடையே தொழில்முறைத் தையற்காரிகளும் நிறைய இருந்தார்கள். அளவுப் பட்டியலில் மட்டும் அவர்கள் உடலுக்கு இடமில்லை. உறைப் படத்தைப் பொறுத்தவரை, அது வரைந்தது. தலை சிறுத்து, கால் நீண்டு, இடுப்பு ஒரு பிடிக்குள் அடங்குவது போல வரைவது அன்றைய ஃபேஷன் ஓவியரின் வழக்கம். போதாததற்கு, உடைக்கு உள்ளே இறுக்கமான இடுப்புக்கச்சு அணிவார்கள் என்ற அனுமானத்தில்தான் உடையின் வளைவுகளே அமைந்திருக்கும்.

இந்த அளவுப் பட்டியல் என்ற ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர்த் தையலில் வளர்ந்தவர்களுக்கு அது அயலானது. 1863இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டெர்லிங் என்ற சிற்றூரில் எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் ஒரே உடையைப் பல அளவுகளில் காகிதத்தில் வெட்டி விற்கத் தொடங்கினார். முதலில் ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும், 1866 முதல் பெண்களுக்கும். அவருக்கு முன்பே இதழ்களில் பேட்டர்ன்கள் வந்தன, ஆனால் ஒரே அளவில். உடம்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது தைப்பவர் பாடு. அவருக்குப் பின் 1867இல் தொடங்கிய ஹார்ப்பர்ஸ் பஜார் இதழிலும் அதே முறைதான். அதன் இணைப்புத் தாள்களை நான் பார்த்திருக்கிறேன்: ஒரே தாளில் பல உடைகளின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ரயில்வே சந்திப்பின் தண்டவாளங்களைப் போலப் பின்னிக் கிடக்கும். அதிலிருந்து ஒரு கையை மட்டும் பிரித்தெடுப்பதற்குள் கண் பூத்துவிடும். பட்டரிக் மெல்லிய காகிதத்தில் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக வெட்டி, மடித்து, தபாலில் அனுப்பினார். சிங்கர் நிறுவனம் 1856 முதலே தையல் இயந்திரத்தைத் தவணையில் கொடுத்துவந்ததால், வீட்டில் இயந்திரம், தபாலில் பேட்டர்ன் என்று இரண்டும் சேர்ந்து ஒரு வணிகமாயிற்று. 1870இல் ஜேம்ஸ் மெக்கால், 1899இல் வோக், 1927இல் சிம்ப்ளிசிட்டி என்று வரிசையாக வந்தார்கள். நம் ஊரிலோ பெட்டியில் ஒரு அளவு ஜாக்கெட் இருக்கும். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தையற்காரர் அதை மேசையில் விரித்து, டேப்பை வைத்து, நேராகத் துணியில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுவார். அளவு ஓர் ஆளுடையது, பட்டியலுடையது அல்ல. நாம் பேட்டர்ன் உறையில் 14 என்று பார்த்ததும் அதையும் அளவு ஜாக்கெட்டைப் போல நம்பிவிடுகிறோம். உங்கள் துணி வீணானதற்கு அதுதான் காரணம். நானும் இங்கே வந்த புதிதில் ஒரு நல்ல கம்பளித் துணியை இப்படித்தான் பாழாக்கினேன்.

இனி ஆண்டு. உறையில் ஆண்டு அச்சாகவில்லை என்பது வழக்கமானதே. பழைய சரக்கு என்று தெரிந்துவிடக் கூடாதே என்ற எண்ணமும் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம், இது என் ஊகம். நீங்கள் அனுப்பிய படங்களில் நிறுவனத்தின் பெயர் கிழிந்த மூலையோடு போய்விட்டது, ஆனாலும் சாட்சிகள் இருக்கின்றன. செய்முறைத் தாளின் அடியில் முகவரி ‘நியூயார்க் 18’ என்று முடிகிறது. பெருநகரங்களுக்கு இப்படி இரண்டிலக்க அஞ்சல் மண்டல எண் 1943இல்தான் வந்தது. 1963இல் ஐந்திலக்க எண் வந்து அதை ஒழித்தது. ஆகவே இந்தத் தாள் அச்சானது அந்த இருபது ஆண்டுகளுக்குள். இது உறுதி. அடுத்தது, துண்டுகளில் அச்சே இல்லை, ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன என்கிறீர்கள். பெரிய ஓட்டைகள் நேர் இழையை (துணியின் நீளவாட்டு நூலை), சிறிய ஓட்டைகள் டாட் (உடல் வளைவுக்காகத் துணியை மடித்துத் தைப்பது) பிடிக்கும் இடத்தை, விளிம்பில் உள்ள வெட்டுக்குறிகள் எதை எதோடு இணைப்பது என்பதைக் காட்டும். கோடும் எழுத்தும் அச்சிட்ட பேட்டர்னை மெக்கால் 1920களின் தொடக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டது. மற்ற பெரிய நிறுவனங்கள் இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் அதற்கு மாறின, வோக் 1950களின் பிற்பகுதி வரை இழுத்தடித்தது. ஆகவே இது மெக்கால் இல்லை. 1950களுடையதாக இருக்கும் வாய்ப்பும் குறைவு. மூன்றாவது சாட்சி வெட்டு: தோளில் திண்டு வைக்க இடம், முழங்காலை ஒட்டி நிற்கும் ஒடுக்கமான பாவாடை, ஜிப் முதுகில் இல்லாமல் இடப்பக்கத் தையலில். 1947 பிப்ரவரியில் பாரிஸில் கிறிஸ்தியன் டியோர் என்ற உடை வடிவமைப்பாளர் நீண்டு விரிந்த பாவாடைகளைக் காட்டியதும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் உறைப் படங்கள் அனைத்தும் தோள் தளர்ந்து பாவாடை இறங்கிவிட்டன. எனவே 1943க்கும் 1947க்கும் இடைப்பட்டது என்று சொல்வேன். கீழெல்லை உறுதியானது, மேலெல்லை மிகவும் சாத்தியமானது. 25 சென்ட் என்ற விலையை நான் சாட்சியாகக் கொள்ளவில்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் விலை மாறும், ஒரே விலை பல ஆண்டுகள் நீடிக்கவும் செய்தது. இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால், ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் ஜாய் ஸ்பானபெல் எமரி வளர்த்தெடுத்த வணிகப் பேட்டர்ன் ஆவணக் காப்பகம் இருக்கிறது. நாடக உடை வடிவமைப்பாளரான பெட்டி வில்லியம்ஸின் சேகரிப்பும் அங்கே சேர்ந்திருக்கிறது. உறையில் உள்ள நான்கிலக்க எண்ணையும் படத்தையும் அங்குள்ள தரவுத் தொகுப்போடு ஒப்பிட்டால், நிறுவனமும் ஆண்டும் தெரிய நல்ல வாய்ப்பு உண்டு.

ஆனால் பேட்டர்னின் ஆண்டு தெரிந்துவிட்டால் உடையின் ஆண்டு தெரிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய பேட்டர்னை ஒரு பெண் பத்து ஆண்டுகள்கூட வைத்துத் தைப்பாள். அக்கம்பக்கத்தாருக்கு இரவல் கொடுப்பாள். செய்தித்தாள்கள் வழியாக விற்கப்பட்ட தபால் பேட்டர்ன்கள் மட்டுமே இதில் நமக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டுகின்றன. ஆன் ஆடம்ஸ், மரியன் மார்ட்டின் என்று பெண் பெயர்களில் அவை வெளிவந்தன. அப்படி யாரும் இருக்கவில்லை, அவை வணிகப் பெயர்கள். சின்னப் படம் செய்தித்தாளில் வரும், வாசகி சில்லறைக் காசை உறையில் வைத்து அனுப்புவாள், மங்கலான காகித உறையில் பேட்டர்ன் வீடு வந்து சேரும். அந்த உறையில் அஞ்சல் முத்திரை இருந்தால் அது வாங்கிய நாளையே சொல்லிவிடும், வேறெந்தச் சாட்சியும் அதற்கு ஈடில்லை. உங்கள் பேட்டர்னுடைய காலத்தை ஒட்டிய இன்னொரு செய்தி, போர்க்காலக் கட்டுப்பாடு. 1942 ஏப்ரலில் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் எல்-85 என்ற ஆணையைப் பிறப்பித்து, பாவாடையின் சுற்றளவு, கீழ் மடிப்பின் ஆழம், மேல்தைத்த பைகள் போன்றவற்றுக்கு வரம்பு வைத்தது. ஆணை உடைத் தொழிற்சாலைகளுக்கானது. வீட்டில் தைப்பவள் தன் துணியில் எவ்வளவு சுருக்கம் வைத்தாலும் கேட்பாரில்லை. இருந்தும் பேட்டர்ன் நிறுவனங்கள் அதே ஒடுக்கமான வெட்டைத்தான் பின்பற்றின, ஆணைக்கு உட்பட்டது என்று உறையிலேயே போட்டுக்கொண்டவையும் உண்டு. பிரிட்டனில் நிலைமை இன்னும் கடுமை. அங்கே 1941 ஜூன் 1 முதல் 1949 மார்ச் வரை துணிக்கு ரேஷன். முதல் ஆண்டில் ஆளுக்கு 66 கூப்பன், அதில் ஒரு கம்பளி உடைக்கு 11, பருத்தி உடைக்கு 7 போய்விடும். ஆகவே 1940களின் பேட்டர்னில் பாவாடை ஒடுக்கமாக இருப்பதைப் பெண்களின் விருப்பம் என்று மட்டும் படிக்கக் கூடாது.

படத்தில் இருப்பதைத்தான் உடுத்தினார்களா என்ற கேள்விக்கு என் பதில், சில வேளைகளில், சில இடங்களுக்கு. உறைப் படம் விற்பவரின் பேச்சு. அது எதை விற்கிறது என்று பார்க்க வோக் இதழை வெளியிட்ட கோண்டே நாஸ்ட் நிறுவனம் 1932இல் தொடங்கிய ஹாலிவுட் பேட்டர்ன்களைப் பார்த்தால் போதும்: 15 சென்டுக்கு, உறையின் மூலையில் ஒரு நடிகையின் முகம். வாங்கியவள் அந்த உடையைப் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக்கோ ஊருக்குப் போவதற்கோ தைத்திருப்பாள். வாரத்தின் மற்ற நாட்களில், அடுப்படியிலும் துவைக்கும் இடத்திலும், அவள் போட்டிருந்தது வீட்டு உடை என்று தனியாகப் பெயர் பெற்ற எளிய பருத்தி உடையும் ஏப்ரனும். முதல் உலகப் போர்க் காலத்தில் உணவு நிர்வாகத்தின் தலைவராக இருந்த ஹெர்பர்ட் ஹூவரின் பெயரால் ‘ஹூவரெட்’ என்றே அழைக்கப்பட்ட ஓர் உடை உண்டு: முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக் கட்டுவது, ஒரு பக்கம் அழுக்கானால் பிரித்து மறுபக்கத்தை மேலே போட்டுக் கட்டிக்கொள்ளலாம், வாசலில் யாராவது வந்து நின்றால் நொடியில் சுத்தமான பெண். எனக்கு இதைத் தைக்கும்போதெல்லாம், விருந்தாளி குரல் கேட்டதும் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொள்ளும் நம் வீட்டுப் பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். வீட்டு உடையும் அழகாக இருக்கலாம் என்று 1916இல் கன்சாஸ் சிட்டியில் நெல் டானலி என்ற பெண் சுருக்கம் வைத்த வீட்டு உடைகளை ஒரு டாலருக்கு ஒரு கடையில் விற்கக் கொடுத்தார், அவை முதல் நாளிலேயே பறந்தன; பின்னாளில் அது பெரிய ஆலையாயிற்று. கிராமப்புறத்தில் துணியே மூட்டையிலிருந்து வந்தது. கோழித்தீவனமும் மாவும் வந்த பருத்திச் சாக்குகளைப் பிரித்து, ஊறவைத்து மையைப் போக்கித் தைத்தார்கள். அதைக் கண்ட ஆலைகள் சாக்கிலேயே பூப்போட்டு அச்சிடத் தொடங்கின. ஒரு பெரிய தீவனச் சாக்கைப் பிரித்தால் ஒரு கெஜத்துக்குச் சற்று மேல் துணி கிடைக்கும். ஓர் உடைக்கு மூன்று சாக்காவது வேண்டும், மூன்றும் ஒரே பூவாக இருக்க வேண்டும். கணவன்மார் தீவனக் கடையில் மூட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பூவைத் தேடினார்கள் என்று சொல்லப்படுவதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. இப்படிப்பட்ட உடைகள்தாம் இன்று கிடைப்பதில்லை. கல்யாண உடையைப் பெட்டியில் வைத்தார்கள்; வீட்டு உடை கிழிந்ததும் குழந்தைச் சட்டையாகி, பிறகு ஒட்டுப்போர்வையாகி, கடைசியில் கரித்துணியாயிற்று. அருங்காட்சியகத்தில் தொங்குவதை வைத்து அன்றாட உடையைக் கணிப்பது, கல்யாண ஆல்பத்தை வைத்து ஒரு வீட்டின் தினசரிச் சாப்பாட்டைக் கணிப்பது போல.

உறை இதற்கு உதவாவிட்டாலும், உள்ளே இருக்கும் தாள் உதவும். என்னிடம் 1930களின் இறுதியில் வாங்கிய தபால் பேட்டர்ன் ஒன்று இருக்கிறது, சைஸ் 36, சாதாரண வீட்டு உடை. முன்பாகத் துண்டின் பக்க ஓரத்தில் குண்டூசி ஓட்டைகள் ஒரே வரிசையில் இல்லாமல் மூன்று வரிசைகளாக இருக்கின்றன. முதல் வரிசை ஓரத்தை ஒட்டி. அடுத்த இரண்டும் ஓரத்தில் ஒட்டிய ஒரு செய்தித்தாள் கீற்றின்மேல், அரை அங்குலம் வெளியே, பிறகு இன்னும் அரை அங்குலம் வெளியே. மாவுப் பசையால் ஒட்டியது, இன்னும் வாசனை இருப்பது போல எனக்குப் பிரமை. உடையின் கைக்கான காகிதத் துண்டு இந்தப் பேட்டர்னுடையதே இல்லை. வேறொரு பேட்டர்னின் அச்சிட்ட கை, குட்டையானது, இதன் கைக்குழிக்குப் பொருந்துமாறு உச்சியில் கத்தரித்திருக்கிறது. பையின் துண்டில் மட்டும் ஓட்டை எண்ணி மாளாது, காகிதம் சல்லடையாகிவிட்டது. மற்ற எல்லாத் துண்டுகளையும்விட அவள் அதை அதிகம் வெட்டியிருக்கிறாள். காலர் துண்டிலோ ஒரே ஓர் ஓட்டைகூட இல்லை. படத்தில் உடைக்கு அழகே அந்த வெள்ளைக் காலர்தான். இதிலிருந்து எதை உறுதியாகச் சொல்லலாம்? இந்தப் பேட்டர்னைக் குறைந்தது மூன்று முறை வெட்டினார்கள், ஒவ்வொரு முறையும் உடல் அகன்றிருந்தது, காலரை யாரும் தைக்கவே இல்லை. மூன்றும் ஒரே பெண்ணுக்கா, அம்மாவுக்கும் மகளுக்குமா, பிள்ளை பெற்ற உடம்பா என்பதெல்லாம் கற்பனை. காலரை விட்டது சிக்கனத்தாலா, கஞ்சி போட்டுத் தேய்க்கச் சோம்பலாலா என்பதும் அப்படியே. பயன்படுத்தாத, மடிப்புக் கலையாத பேட்டர்னுக்குச் சேகரிப்பாளர்கள் அதிக விலை கொடுக்கிறார்கள். அது பெரும்பாலும் விற்காமல் தேங்கிய கடைச் சரக்கு, அதாவது யாரும் தைக்காத உடை. எனக்கு வெட்டி, ஒட்டி, ஓட்டையான தாள்கள்தாம் வேண்டும், விலையும் குறைவு.

உங்கள் உடைக்கு வருவோம். ஒரு சைஸ், இரண்டு சைஸ் வித்தியாசமென்றால் பேட்டர்னையே வெட்டி விரிக்கலாம்: முன்பாதி, பின்பாதி என்று நான்கு கால் பாகங்கள் இருப்பதால், சுற்றில் 4 அங்குலம் கூட்ட ஒவ்வொன்றிலும் ஓர் அங்குலம் விட்டால் போதும். எட்டு அங்குலத்தை அப்படிக் கூட்டினால் தோள் சரிந்து, கழுத்து அகன்று, டாட் கக்கத்தை நோக்கிப் போய்விடும், வேண்டாம். மாறாக, உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற ஒரு சட்டையையோ சுடிதார் டாப்பையோ அளவாக வைத்து பிரவுன் தாளில் உங்கள் உடம்புக்கான அடிப்படை வரைவைப் போட்டுக்கொண்டு, பழைய பேட்டர்னிலிருந்து கழுத்தின் வளைவு, தோள் பட்டி, பையின் இடம், பாவாடைச் சுருக்கத்தின் அளவு ஆகியவற்றை மட்டும் அதன்மேல் ஏற்றுங்கள். நம் அளவு ஜாக்கெட் முறைதான், கொஞ்சம் சுற்றி வருகிறது. கைக்குழியைப் பெரிதாக்க வேண்டாம். அந்தக் காலத்துக் கைக்குழி சிறியது, கக்கத்தை ஒட்டி மேலே நிற்கும். பார்க்க இறுக்கம் போலத் தோன்றினாலும் அப்படி இருந்தால்தான் கையைத் தூக்கும்போது உடை முழுவதும் கூடவே ஏறாது. நல்ல ஜாக்கெட் தைக்கிற எந்தத் தையற்காரரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். தையலுக்கு எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்பதைச் செய்முறைத் தாளில் படித்துவிட்டு வெட்டுங்கள். இன்றைய அமெரிக்கப் பேட்டர்ன்களின் 5/8 அங்குலம் பழையவற்றில் எப்போதும் இருக்காது, 3/8, 1/2 என்றும் வரும். உறையில் போட்டிருக்கும் கெஜக் கணக்கு 35, 39, 54 அங்குலப் பன்னாவுக்கானது, அதாவது துணியின் அகலத்துக்கானது. உங்கள் கடையில் கிடைக்கும் 44, 58 அங்குலத் துணிக்கு அது பொருந்தாது, ஆகவே துண்டுகளைத் தரையில் பரப்பிப் பார்த்துத் துணி வாங்குங்கள். முதலில் காடாத் துணியில் ஒருமுறை தைத்துப் போட்டுப் பாருங்கள்; இந்த ஒரு படியைத் தவிர்த்த நாட்களில்தான் என் துணியும் வீணாகியிருக்கிறது.

மூலத் தாளில் இனிமேல் கத்தரியை வைக்காதீர்கள். நீராவி இல்லாமல் மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரிப்பெட்டியை லேசாக ஓட்டி மடிப்பை நீக்கி, வேறு தாளில் பிரதி எடுத்துக்கொண்டு, துண்டுகளின் எண்ணிக்கையைச் செய்முறைத் தாளோடு சரிபார்த்துவிட்டு உறையில் வையுங்கள். பிரதி எடுக்கும் முன் ஒவ்வொரு துண்டையும் சன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். பக்க ஓரத்தில் ஊசி ஓட்டைகள் எத்தனை வரிசை என்று எண்ணி, படத்தோடு இங்கேயே போடுங்கள். உங்கள் ஒஹையோ வீட்டுப் பெண்ணும் சைஸ் 14ஐ அப்படியே வெட்டினாளா, அல்லது உங்களைப் போல ஒட்டுப்போட வேண்டியிருந்ததா என்று பார்த்துச் சொல்கிறேன்.